வழிப்பறி வழக்கில் தங்கச்சி மகன் ரிமாண்ட்: மூன்று பவுன் 'ரெக்கவரி'க்குக் கொடுக்கலாமா?

ரப்பர்காட்டான் (இழையைத் தொடங்கியவர்)

எல்லாருக்கும் வணக்கம். என் தங்கச்சி மகன், வயது 22, மலையோரத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறான். போன புதன்கிழமை சாயங்காலம் 4 மணிக்கு மஃப்டியில் மூன்று பேர் வந்து வீட்டிலிருந்து கூட்டிப் போனார்கள். சின்ன விசாரணை, அரை மணி நேரத்தில் விட்டுவிடுவோம் என்றார்கள். மறுநாள் ராத்திரி 8 மணிக்கு மாஜிஸ்ட்ரேட் முன்னால் நிறுத்தி ரிமாண்ட். இப்போது நாகர்கோவில் சிறையில் இருக்கிறான்.

மூன்று வாரத்துக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை விடியற்காலை 5.15க்குக் கோயிலுக்கு நடந்து போன 63 வயது அம்மாவின் கழுத்தில் கிடந்த 5 பவுன் செயினை, பைக்கில் வந்த இரண்டு பேர் அறுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். அவர் கழுத்தில் சிராய்ப்பு. எஃப்.ஐ.ஆரில் "அடையாளம் தெரியாத இருவர், ஹெல்மெட் அணிந்திருந்தனர்" என்றுதான் இருக்கிறது. ஒரு மளிகைக்கடை கேமராவில் அன்றைக்கு 4.50க்கு இவன் பைக் போவது தெரிகிறதாம். அந்த ரோட்டில்தான் அவன் தினமும் வேலைக்குப் போகிறான். பைக் பெட்டியில் இருந்த ரப்பர் வெட்டுக் கத்தியை எடுத்து "கொடிய ஆயுதம்" என்று எழுதிவிட்டார்கள். முதலில் புதிய தண்டனைச் சட்டமான பி.என்.எஸ்.ஸின் 309(4), அதாவது வழிப்பறி, மட்டும் இருந்தது. கைதுக்கு அப்புறம் 309(6) (காயப்படுத்தி வழிப்பறி), 311 (கொடிய ஆயுதத்தோடு வழிப்பறி) என்று மாற்றியிருக்கிறார்கள்.

நேற்று ஒருத்தர் வீட்டுக்கு வந்து, மூன்று பவுன் கொண்டு வந்து கொடுங்கள், அதைத் திருட்டு நகை கிடைத்ததாக ரெக்கவரி காட்டிவிட்டு 311ஐ எடுத்துவிடுவார்கள், ஒரு வாரத்தில் பையன் வெளியே வந்துவிடுவான் என்கிறார். தங்கச்சி தாலிச் செயினைக் கழற்றி வைத்துக்கொண்டு அழுகிறாள். கொடுக்கலாமா?

கோட்டாறு கறுப்புக்கோட்டு

ஒரு குண்டுமணி கூடக் கொடுக்காதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

ஏன் என்று சொல்கிறேன். போலீஸ் எழுதும் ஒப்புதல் வாக்குமூலம் கோர்ட்டில் செல்லாது. புதிய சாட்சியச் சட்டத்தில் பிரிவு 23, பழைய சட்டத்தின் 25, 26, 27 மூன்றும் அதில் அடக்கம். ஆனால் அதற்கு ஒரு விதிவிலக்கு இருக்கிறது. கைதி சொன்னதை வைத்து ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அந்தக் கண்டெடுப்போடு நேரடியாகச் சேர்ந்த வார்த்தைகள் மட்டும் உள்ளே வரும். 1946இல் பிரிவி கவுன்சில் (வெள்ளைக்காரர் காலத்துக் கடைசி அப்பீல் கோர்ட்) புளுக்குரி கோட்டய்யா வழக்கில் சொன்னது, இன்றைக்கும் அதுதான் அளவுகோல். அதாவது, நகை இல்லையென்றால் அந்த வாக்குமூலம் வெறும் தாள். உங்கள் தங்கச்சி செயினைக் கொடுத்த நிமிஷம் அந்தத் தாளுக்கு உயிர் வந்துவிடும். கூடவே பிரிவு 119 இருக்கிறது. திருட்டுப் போன பொருள் கொஞ்ச நாளுக்குள் ஒருவர் கையில் இருந்தால், அவர் திருடினார் அல்லது தெரிந்தே வாங்கினார் என்று கோர்ட் ஊகித்துக்கொள்ளலாம். உங்கள் வீட்டு நகையை நீங்களே திருட்டு நகையாக்கிக் கொடுக்கிறீர்கள். 311ஐ எடுப்பேன் என்று சொன்னவர் கோர்ட்டுக்கு வந்து அதைச் சொல்லப்போவதில்லை.

தங்கச்சி நகை வாங்கிய பில், அடகு வைத்திருந்தால் அடகுச் சீட்டு, எல்லாவற்றையும் இன்றைக்கே தேடி எடுத்து வையுங்கள். நாளைக்கு வீட்டைச் சோதனை போட்டு எடுத்தாலும் உதவும்.

அடுத்தது நேரம். புதன் 4 மணிக்குக் கூட்டிப் போய் வியாழன் 8 மணிக்கு நிறுத்தினால் 28 மணி நேரம். அரசியலமைப்பின் 22ஆவது பிரிவு, பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரம்தான் தருகிறது. அரெஸ்ட் மெமோவில் என்ன மணி போட்டிருக்கிறது பாருங்கள். வியாழன் காலை வாகனச் சோதனையில் சந்தேகத்துக்கு இடமாக நின்றபோது பிடித்ததாக இருக்கும் என்று நான் பந்தயம் கட்டுவேன்.

ரப்பர்காட்டான்

அண்ணே, அப்படியேதான் இருக்கிறது. வியாழன் காலை 11 மணி, பஸ் ஸ்டாப் பக்கம் வாகனச் சோதனை. எங்கள் வீட்டில் கேமரா இல்லை. எதிர்வீட்டுக்காரர் துபாயில் இருக்கிறார், அவர் வாசலில் இருக்கிறது.

கோட்டாறு கறுப்புக்கோட்டு

அவருக்கு இப்போதே போன் போடுங்கள். வீட்டுக் கேமராக்கள் பலவும் இரண்டு மூன்று வாரத்தில் பழையதை அழித்துவிட்டு மேலேயே பதியும். பதிவை எடுக்கும்போது மின்னணுச் சாட்சியத்துக்கான பிரிவு 63 சான்றிதழும் வேண்டும். கருவிக்குப் பொறுப்பானவர் ஒரு பகுதியிலும் நிபுணர் ஒருவர் இன்னொரு பகுதியிலும் கையெழுத்துப் போடும் படிவம் அது. 2020இல் அர்ஜுன் பண்டித்ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சான்றிதழ் கட்டாயம் என்று சொல்லிவிட்டது, அது போலீஸுக்கும் சரி, நமக்கும் சரி. ஸ்டேஷன் கேமராவும் இருக்கிறது. பரம்வீர் சிங் சைனி வழக்கில், அதுவும் 2020, காவல் நிலையப் பதிவுகளை 18 மாதம், முடியாவிட்டால் குறைந்தது ஒரு வருஷம் வைத்திருக்கச் சொல்லியிருக்கிறார்கள். புதன் ராத்திரி அவன் அங்கே உட்கார்ந்திருந்தது அதில் இருக்க வேண்டும். அதைப் பத்திரப்படுத்தி வைக்கச் சொல்லி உங்கள் வக்கீல் உடனே மனுப் போடட்டும். கையில் கொடுக்கச் சொல்லிக் கேட்பது பிறகு.

வக்கீல் வைத்தாகிவிட்டதா?

ரப்பர்காட்டான்

இல்லை அண்ணே. ஒருத்தர் 60 ஆயிரம் கேட்டார்.

முன்னாள் வி.ஏ.ஓ.

நான் வக்கீல் இல்லை. இந்த மாவட்டத்தில் பல வருஷம் கிராம நிர்வாக அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவன். மகஜரில், அதாவது பொருளைக் கைப்பற்றியதாகப் போலீஸ் எழுதும் பத்திரத்தில், சாட்சிக் கையெழுத்துப் போட்டே பேனா தேய்ந்தவன். எந்த ஊர், எந்த ஸ்டேஷன் என்று கேட்காதீர்கள்.

மகஜர் என்றால் இப்படித்தான் இருக்கும்: எதிரி (குற்றம் சாட்டப்பட்டவர்) முன்னே நடந்து போய், வாய்க்கால் கரையில் மூன்றாவது தென்னை மூட்டில் மண்ணைத் தோண்டி, மஞ்சள் பிளாஸ்டிக் கவரில் சுற்றிய செயினை எடுத்து ஆஜர்படுத்தினார், நாங்கள் பார்த்திருக்கக் கைப்பற்றப்பட்டது. ஒருமுறை நான் கையெழுத்துப் போட்ட இடம் என் ஆபீஸ் மேஜை. வாய்க்காலை நான் பார்த்ததே சாட்சி சொல்லப் போவதற்கு முந்தின நாள், சைக்கிளில் போய். கோர்ட்டில் ஒரு சின்ன வயசு வக்கீல் கேட்டார்: "மண் ஈரமா, காய்ந்ததா? எதை வைத்துத் தோண்டினார்? உங்கள் செருப்பில் சேறு பட்டதா?" நான் ஈரம் என்றேன். எனக்கு முன்னால் சாட்சி சொன்ன என் தலையாரி காய்ந்த மண் என்று சொல்லியிருக்கிறார். அந்த வழக்கு அன்றைக்கே முடிந்த மாதிரிதான். அந்தப் பையன் எடுத்தானா இல்லையா என்று இன்றைக்கு வரை எனக்குத் தெரியாது. எனக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை என்பது மட்டும் தெரியும்.

2024 ஜூலை 1 முதல் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில், பி.என்.எஸ்.எஸ். 105இல், சோதனை, கைப்பற்றுதல் எல்லாவற்றையும் வீடியோ எடுக்க வேண்டும் என்று வந்திருக்கிறது. என் காலத்தில் அது இல்லை. உங்கள் பையன் கத்தியை எடுத்ததற்கு வீடியோ இருக்கிறதா என்று கேளுங்கள்.

மார்த்தாண்டம் அக்கா

இதையெல்லாம் படித்துவிட்டு எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் அறுபட்டவள். 2022இல் என் செயினை இழுத்தார்கள். நான் கீழே விழுந்து இடது கை மணிக்கட்டு முறிந்தது. இன்றைக்கும் அந்தக் கையால் குடத்தைத் தூக்க முடியாது. இங்கே எல்லோரும் எப்படித் தப்பிப்பது என்று பேசுகிறீர்கள். எங்களுக்கு யார் இழை தொடங்குவது?

நேர்வழி

அக்கா சொன்னது சரி. திருடனுக்கு டியூஷன் எடுக்கும் இடமா இது?

கோட்டாறு கறுப்புக்கோட்டு

அக்கா, உங்கள் வலியை நான் மறுத்துப் பேச முடியாது. ஒன்று மட்டும் கேட்கிறேன், விருப்பம் இருந்தால் சொல்லுங்கள். உங்கள் வழக்கில் அடையாள அணிவகுப்பு நடந்ததா?

(நேர்வழி தம்பிக்கு: உங்கள் பைக் நாளைக்கு யாரோ ஒருவரின் கேமராவில் விழும்போது வாருங்கள், டியூஷன் ஃபீஸ் கிடையாது.)

மார்த்தாண்டம் அக்கா

நடந்தது. ஜெயிலுக்குக் கூட்டிப் போனார்கள், ஒரு மாஜிஸ்ட்ரேட் இருந்தார். வரிசையாகப் பையன்கள் நின்றார்கள். நான் ஒருவனைக் காட்டினேன். ஆனால் உண்மையைச் சொல்கிறேன், பெயர் போடாத இடம் என்பதால். அதற்கு இரண்டு நாள் முன்னால் போனில் ஒரு போட்டோ காட்டி "இவன்தானே அம்மா?" என்று கேட்டார்கள். நான் வரிசையில் தேடியது என் செயினை இழுத்தவனை அல்ல, போட்டோவில் பார்த்தவனை. இழுத்தவன் முகத்தை நான் பார்க்கவே இல்லை, பின்னாலிருந்து வந்தான். கோர்ட்டில் அதையே கேட்டபோது ஆமாம், போட்டோ காட்டினார்கள் என்று சொல்லிவிட்டேன். விடுதலை ஆகிவிட்டது. என் வீட்டுக்காரர் ஒரு மாசம் என்னோடு பேசவில்லை. அவன்தானா, வேறு ஆளா என்று இன்றைக்கும் தெரியாது. வேறு ஆள் என்றால், இழுத்தவன் எங்கேயோ சுகமாக இருக்கிறான். எனக்கு அதுதான் ஆறவில்லை.

கோட்டாறு கறுப்புக்கோட்டு

நன்றி அக்கா. இதைச் சொல்ல நெஞ்சுரம் வேண்டும்.

ரப்பர்காட்டான், இதை அப்படியே பிடித்துக்கொள்ளுங்கள். பையனுக்கு அணிவகுப்பு இனிமேல்தான் இருக்கும். சிறையில் மாஜிஸ்ட்ரேட் முன்னால் நடக்கும். கோர்ட்டுக்குக் கூட்டி வரும்போது முகத்தை மூடிக்கொள்ளட்டும். மூடவில்லை என்றால், போட்டோ எடுத்தார்கள் என்றால், ஸ்டேஷனில் யாரிடமாவது காட்டினார்கள் என்றால் அணிவகுப்பு நடத்தும் மாஜிஸ்ட்ரேட்டிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும், அவர் அதை எழுதிக்கொள்வார். வாட்ஸ்அப் குரூப்பில் அவன் போட்டோவோடு "பிடிபட்ட வழிப்பறித் திருடன்" என்று செய்தி வந்திருந்தால், தேதி, நேரம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். வெட்கப்பட்டு அழித்துவிடாதீர்கள்.

60 ஆயிரத்துக்கு வழியில்லை என்றால் நாகர்கோவில் கோர்ட் வளாகத்தில் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. காவலில் இருக்கும் எவருக்கும், வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே, 1987ஆம் வருஷச் சட்டத்தின் 12ஆவது பிரிவின்படி இலவச வக்கீல் உரிமை உண்டு. சிறையிலிருந்தே மனு எழுதலாம். போன் எண் 15100. இலவச வக்கீல் என்றால் ஏனோதானோ என்று நினைப்பவர்கள் உண்டு. நான் தொழில் கற்றதே அப்படிப்பட்ட ஒருவரிடம்தான்.

பட்டைவெட்டி

நானும் வெட்டுக்காரன்தான், பத்து வருஷமாக. ஒரு சந்தேகம் மக்கா. நாங்கள் மூன்று மணிக்கு முன்னாலேயே தலையில் டார்ச்சைக் கட்டி இறங்கிவிடுவோம். வெயில் ஏறினால் பால் வராது. 4.50க்கு எந்த வெட்டுக்காரனும் ரோட்டில் பைக் ஓட்டிக்கொண்டிருக்க மாட்டான், பாதி மரம் முடிந்திருக்கும். அந்தக் கடைக் கேமராவின் மணி சரியா?

அப்புறம், அன்றைக்கு மழை உண்டா? மழை என்றால் வெட்டு கிடையாது, அவன் வேலையில் இருந்தான் என்று நீங்கள் சொன்னால் அது உங்கள் மேலேயே திரும்பும். ஒன்று விட்ட நாள் வெட்டு என்றால் அன்றைக்கு எந்த பிளாக் என்பதையும் பாருங்கள்.

ரப்பர்காட்டான்

அண்ணே, கும்பிடுகிறேன். இன்றைக்குக் காலையில் அந்தக் கடைக்குப் போய் ஒரு சோடா வாங்கிக் குடித்துக்கொண்டே டிவியைப் பார்த்தேன். என் போனில் 9.20, அவர்கள் திரையில் 11.00. ஒரு மணி நாற்பது நிமிஷம் முந்தி ஓடுகிறது. கடைக்காரரிடம் கேட்டால், ஆறு மாசத்துக்கு முன்னால் கரண்ட் போய் வந்ததிலிருந்து அப்படித்தான், யார் மாற்றுவது என்கிறார். அப்படியென்றால் அவன் போனது 3.10!

அன்றைக்கு மழை இல்லை. கீழ் பிளாக்கில் வெட்டியிருக்கிறான். கணக்குப்பிள்ளை நோட்டில் பால் லிட்டர் கணக்கும் இருக்கிறது, காலை 7.40 என்று மணியும் போட்டிருக்கிறார்.

கோட்டாறு கறுப்புக்கோட்டு

பட்டைவெட்டி, உங்களுக்கு ஒரு சாயா நான் கடன்.

ரப்பர்காட்டான், மகிழ்ச்சியில் அந்தக் கடைக்காரரிடம் மணியைச் சரிசெய்யச் சொல்லிவிடாதீர்கள்! மெஷினைத் தொடவும் வேண்டாம், அவரிடம் மறுபடி மறுபடி போய்ப் பேசவும் வேண்டாம். சாட்சியைக் கலைத்தார்கள் என்று பெயில் மனுவில் எழுதிவிடுவார்கள். திரையும் உங்கள் போன் மணியும் ஒரே படத்தில் வருகிற மாதிரி எடுத்தீர்களா?

ரப்பர்காட்டான்

எடுத்தேன். சோடா பாட்டிலும் சேர்ந்து விழுந்துவிட்டது.

கோட்டாறு கறுப்புக்கோட்டு

பாட்டில் இருக்கட்டும். அதை வக்கீலிடம் கொடுங்கள். ஹார்ட் டிஸ்க்கை அப்படியே கைப்பற்றி அனுப்பச் சொல்லி மனு, பிறகு குறுக்கு விசாரணையில் கடைக்காரரிடம் ஒரே ஒரு கேள்வி. நோட்டின் நகலும் சேரட்டும், அசலைக் கணக்குப்பிள்ளை பத்திரமாக வைக்கட்டும். 5.15க்கும் 7.40க்கும் நடுவே இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கிறது என்று அரசு வக்கீல் கேட்பார். அத்தனை மரத்தையும் வெட்டி, பால் வடிந்து, சிரட்டை சிரட்டையாக எடுத்து ஊற்ற எவ்வளவு நேரம் ஆகும் என்று ஒரு வெட்டுக்காரரே கூண்டில் ஏறிச் சொல்ல வேண்டியிருக்கும்.

இப்போது பிரிவுகள். திருட்டு வழிப்பறி ஆவது, திருடுவதற்காக அல்லது எடுத்ததைக் கொண்டு போவதற்காக அடித்தாலோ, காயப்படுத்தினாலோ, தடுத்து நிறுத்தினாலோ, பயமுறுத்தினாலோதான். வெறுமனே வெடுக்கென்று பிடுங்கினால் அதற்கென்றே புதுச் சட்டத்தில் 304 வந்திருக்கிறது, மூன்று வருஷம் வரை. 309(4) என்றால் பத்து வருஷம் வரை, ராத்திரியில் நெடுஞ்சாலை என்றால் பதினான்கு. காயத்தோடு 309(6), ஆயுள் வரை போகும். கழுத்தில் சிராய்ப்பு இருப்பதால் 304க்கு இறக்குவது கஷ்டம், ஆனாலும் வாதாடிப் பார்க்கலாம்.

311 வேறு கதை. குறைந்தபட்சமே ஏழு வருஷம். ஆனால் ஆயுதத்தை "பயன்படுத்தி" இருக்க வேண்டும். வெளியே தெரியும்படி காட்டி மிரட்டினாலும் பயன்படுத்தியதுதான் என்று 1975இல் பூல் குமார் வழக்கில் சொன்னார்கள். பெட்டிக்குள் கிடந்த கத்தி அதில் சேராது. கூட வந்தவன் கையில் இருந்தாலும் இவனுக்கு ஒட்டாது, 2021 ராம் ரத்தன் வழக்கு. எஃப்.ஐ.ஆரில் அந்த அம்மா கத்தி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை அல்லவா? பெயில் மனுவின் முதல் பத்தியே அதுதான். 311 செஷன்ஸ் கோர்ட் விசாரிக்கும் குற்றம் என்பதால் மாஜிஸ்ட்ரேட் கைவிரித்தால் நாகர்கோவில் முதன்மை அமர்வு நீதிமன்றம், அங்கும் இல்லையென்றால் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை.

களியக்காவிளைக்காரன்

பெயில் கிடைத்த அன்றைக்கே கொண்டாடாதீர்கள். எல்லையோரம் என்பதால் சொல்கிறேன், ஒரு வழக்கில் பிடித்துவிட்டு கேரளா பக்கத்துத் துப்புக் கிடைக்காத செயின் கேஸ்களையும் தலையில் ஏற்றுவது உண்டு. பி.டி. வாரண்ட் (சிறையில் இருப்பவரை வேறு வழக்குக்கு ஆஜர்படுத்தச் சொல்லும் உத்தரவு) வந்தால் இந்த பெயிலை வைத்து வெளியே வர முடியாது. ஜாமீன்தாரர்களைக் கூட்டிப் போகும் முன் வேறு வழக்குக் காட்டப்பட்டிருக்கிறதா என்று சிறையில் வக்கீல் மூலம் பார்த்துவிடுங்கள். இல்லையென்றால் வீட்டு வரி ரசீதோடு வந்த சொந்தக்காரர் இரண்டாம் தடவை வரமாட்டார்.

ஆரல்காற்று

எனக்கு நடந்தது 2016இல். சாராயக் கடை வாசலில் சண்டை. மறுநாள் பார்த்தால் நான் கத்தியைக் காட்டிச் சட்டைப் பையிலிருந்து 500 ரூபாய் பறித்ததாக வழக்கு. அதை வைத்துக் குண்டாஸ் (குண்டர் தடுப்புக் காவல் சட்டம்). உள்ளே போனால் 12 மாசம் வரை, பெயிலும் கிடையாது. மதுரைக் கிளையில் ஆட்கொணர்வு மனுப் போட்டோம். எனக்குக் கொடுத்த ஆவணத்தில் இரண்டு பக்கம் படிக்கவே முடியாத நகல், அந்த ஒரு காரணத்தில் உத்தரவு ரத்தானது. மூல வழக்கு ஐந்து வருஷம் ஓடி விடுதலை. கடைசியில் ஜட்ஜ் நேரடியாகக் கேள்வி கேட்பாரே, அப்போது எல்லாவற்றுக்கும் "பொய்" என்று மட்டும் சொன்னேன். என் தரப்பைச் சொல்லக் கிடைத்த ஒரே இடம் அது என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. பையனுக்கு அதைச் சொல்லி வையுங்கள்.

ரப்பர்காட்டான்

இருபத்தைந்து நாள் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும்.

சட்டப்பணிகள் ஆணைக்குழு மூலம் ஒரு அம்மா வக்கீல் கிடைத்தார். எதிர்வீட்டுப் பதிவு கிடைத்தது, புதன் 4.07. அணிவகுப்பில் செயினைப் பறிகொடுத்த பெரியம்மா மூன்று தடவையும் யாரையும் காட்டவில்லை. நேற்று செஷன்ஸில் பெயில். இரண்டு ஜாமீன்தாரர், தினமும் காலை 10.30க்கு ஸ்டேஷனில் கையெழுத்து. வேறு வழக்கு ஒன்றும் இல்லை, பார்த்துவிட்டுத்தான் போனோம். தாலிச் செயின் தங்கச்சி கழுத்தில்தான் இருக்கிறது. மூன்று பவுன் கேட்டு வந்தவர் அதற்கப்புறம் இந்தப் பக்கம் வரவில்லை.

ஒரு கேள்வி மட்டும். வழக்கு முடியும் வரை பைக்கை ஸ்டேஷன் வாசலில் மழையில் போட்டுவிட வேண்டியதுதானா?

கோட்டாறு கறுப்புக்கோட்டு

வேண்டாம். ஆர்.சி. புத்தகம் யார் பெயரில் இருக்கிறதோ அவர் பெயரில் மாஜிஸ்ட்ரேட்டிடம் பி.என்.எஸ்.எஸ். 503இல் மனு. போட்டோ எடுத்து, பாண்டு எழுதி வாங்கிக்கொண்டு கொடுப்பார்கள். விற்கக் கூடாது, நிறம் மாற்றக் கூடாது.

பட்டைவெட்டி

கத்தி?

ரப்பர்காட்டான்

அது கோர்ட்டில்தான் அண்ணே, நம்பர் போட்ட சீட்டு ஒட்டி. குலசேகரத்தில் புதுசு ஒன்று வாங்கிக் கொடுத்தேன். கைக்குப் பழகவில்லை, பட்டை ஆழமாக விழுகிறது என்று முணுமுணுத்துக்கொண்டே இன்றைக்கு மூன்று மணிக்கு இறங்கினான். பத்து மணிக்கு என் பைக்கில் கையெழுத்துப் போடக் கூட்டிப் போக வேண்டும்.